மூளைக் கட்டி என்று பயந்தோம், ஆன்டிபாடி என்று தெரிந்தது

அப்பாவுக்கு வந்தது வலிப்பு என்றே முதலில் எங்களுக்குத் தெரியவில்லை. வலது கையும் அதே பக்கத்து முகமும் ஒரே சமயத்தில் வெடுக்கென்று இழுக்கும், இரண்டு நொடிதான், கையிலிருக்கும் பிரஷ் கீழே விழும், அவர் ஒன்றுமே நடக்காத மாதிரி குனிந்து எடுத்துக்கொள்வார். ஒருநாள் எண்ணினேன். சாயங்காலத்துக்குள் நாற்பது தாண்டிவிட்டது. வலிப்பு மாத்திரைக்கு அசையவே இல்லை.

அப்புறம் மறதி. எம்.ஆர்.ஐ.யில் மூளையின் இடது டெம்போரல் பகுதி, அதாவது பொட்டுப் பக்கத்துப் பகுதியின் உள்பக்கம் வீங்கி வெள்ளையாகத் தெரிந்தது, கிளையோமா என்கிற மூளைக் கட்டியாக இருக்கலாம், துளி சதை எடுத்துப் பார்க்கும் பயாப்சி செய்யலாம் என்றார்கள். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

இன்னொரு நரம்பியல் மருத்துவரிடம் போனோம். அப்பாவுக்கு இழுப்பதை நான் போனில் எடுத்திருந்த வீடியோவை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார், ரத்தத்தில் சோடியம் எவ்வளவு என்று கேட்டார். 124. இருக்கவேண்டியது 135க்கு மேல். 'கட்டிக்கு முன்னாடி எல்.ஜி.ஐ.1 ஆன்டிபாடி பார்த்துடலாம்' என்றார். கிருமியைப் பிடிக்க உடம்பு செய்கிற ஆன்டிபாடி, தடம் மாறி மூளையின் சொந்தப் புரதத்தையே பிடித்துக்கொள்ளும் நோயாம். அந்தப் புரதம்தான் எல்.ஜி.ஐ.1. இந்த வீடியோ எடுத்ததுதான் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன், வீட்டில் யாருக்காவது இப்படி இழுத்தால் தயவுசெய்து எடுத்து வையுங்கள்.

இந்த நோய்க்குக் கொடுக்கிற ஸ்டீராய்டை இப்போதே போடுங்களேன் என்று கெஞ்சினேன். ஒருவேளை லிம்போமா என்கிற வகைப் புற்றுநோயாக இருந்தால் ஸ்டீராய்டில் சுருங்கி பயாப்சியில் பிடிபடாமல் போய்விடும், அதனால் முதலில் எல்லா சாம்பிளும் எடுப்போம் என்று பொறுமையாகச் சொன்னார். ரத்தமும் முதுகுத்தண்டு நீரும் ஒரே நாளில் எடுத்தார்கள். இந்த ஆன்டிபாடியைக் கிளப்பிவிடும் புற்றுநோய் வேறெங்காவது ஒளிந்திருக்கிறதா என்று பெட் ஸ்கேனும் பார்த்தார்கள், எல்.ஜி.ஐ.1 நோயாளிகளில் அது குறைவுதான், அப்பாவுக்கும் இல்லை.

எட்டு நாள் கழித்து ரிசல்ட். முதுகுத்தண்டு நீரில் நெகட்டிவ், ரத்தத்தில் பாசிட்டிவ். குழம்பிப்போனேன். இந்த ஆன்டிபாடி ரத்தத்தில்தான் நன்றாகப் பிடிபடும், அதற்காகத்தான் இரண்டையும் அனுப்பினேன் என்றார். பயாப்சி வேண்டாம் என்று அவர் சொன்னபோது அங்கேயே அழுதுவிட்டேன்.

மெத்தில்பிரட்னிசலோன் என்கிற ஸ்டீராய்டு, தினம் 1 கிராம், 5 நாள் டிரிப்ஸில். நாலாவது நாள் காலையில் பல் தேய்த்து முடிக்கிற வரை பக்கத்திலேயே நின்றேன், பிரஷ் விழவில்லை. அதற்கப்புறம் மாதக்கணக்கில் மாத்திரை, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். சர்க்கரை ஏறியது, தூக்கம் போனது, சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம் வந்தது. மறதி மெதுவாகத்தான் விலகுகிறது. உடம்பு சரியில்லாமல் இருந்த அந்த இரண்டு மாதம் மட்டும் அவருக்குத் திரும்பவே இல்லை, ஸ்கேன் எடுத்ததுகூட ஞாபகமில்லை. வீடியோவைக் காட்டினால், 'இது நானா?' என்று கேட்கிறார்.