கல்லீரலை எந்தக் கணக்கில் எழுதுவது?

பாக்கெட்டில் மொத்தம் 24 ஐசிங் ஷீட்; பிரிண்டரில் படம் அடித்து கேக் மேல் ஒட்டும், சாப்பிடக்கூடிய சர்க்கரைத் தாள். செலவானதாக நோட்டில் இருப்பது 13. கையில் இருப்பது 9. எத்தனை முறை எண்ணினாலும் 2 இடிக்கிறது.

சாதாரண வீடாக இருந்தால் இரண்டு ஷீட்டுக்கு யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள மாட்டார்கள். எங்கள் வீட்டு நிதியமைச்சர், அதாவது என் கணவர், அப்படி இல்லை. ஆறு மாதமாக இனிப்பை விட்டுவிட்ட மனிதர். அந்தக் கோபத்தை எல்லாம் என் பேக்கரி கணக்கில்தான் காட்டுகிறார். "ஏ4 ஷீட் 21 செ.மீ. அகலம், 29.7 செ.மீ. நீளம். 5 செ.மீ. வட்டம் என்றால் 20 கப்கேக்குக்கு வரணும். உனக்கு மட்டும் எப்படி 15?" என்று ஸ்கேலோடு வந்து நிற்பார். பிரிண்டர் ஓரம் வரைக்கும் அடிக்காதுங்க, நாலாவது வரிசை வெட்டுப்படும் என்றால், அது என் நிர்வாகக் கோளாறாம்.

ஷீட்டாவது பரவாயில்லை, எண்ணிவிடலாம். அதில் அடிக்கும், சாப்பிடக்கூடிய இங்க்கின் கணக்கை எந்தச் சித்திரகுப்தனும் எழுத முடியாது. ஒரு கேக்குக்கு இவ்வளவு என்று அழகாகப் போட்டு வைத்திருந்தேன். நாலு நாள் ஆர்டர் இல்லை. இங்க் வரும் நுண்துளையான நாசிலில் அது காய்ந்து, ஐந்தாம் நாள் குழந்தையின் முகம் வரிவரியாக, கம்பிக்குப் பின்னால் இருப்பதுபோல வந்தது. அந்தத் துளைகளை இங்க்காலேயே கழுவும் ஹெட் கிளீனிங் கொடுத்தால் எல்லா கலரும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். மூன்று தடவை கொடுத்தேன். கேக் குடித்த இங்க்கைவிட பிரிண்டர் வாய் கொப்பளித்ததுதான் அதிகம். அதனால் வாரம் இரண்டு முறையாவது ஏதாவது ஒரு படம் அடித்தே ஆகவேண்டும். ஆர்டர் இல்லாவிட்டாலும் அதற்குத் தீனி போடணும். "சோதனை அச்சு" என்று நோட்டில் ஒரு பத்தி திறந்தேன். அவர் அதை லஞ்சப் பணத்தைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்.

சரி, மொத்தமாக வாங்கினால் மலிவுதானே என்று அவருக்கு ஒரு யோசனை. அவர் பேச்சைக் கேட்டு ஒரு முறை வாங்கினேன். ஜிப் கவரை யாரோ சரியாக மூடவில்லை. ஷீட் காய்ந்துபோய், பின்னால் இருக்கும் பிளாஸ்டிக்கை உரிக்கும்போதே அப்பளமாக நொறுங்கியது. அந்த "யாரோ" யார் என்று நான் இதுவரை கேட்டதில்லை. குடும்பம் நடக்கணும் இல்லையா?

இந்த நிலைமையில்தான் நேற்று சின்னவனின் டீச்சரிடமிருந்து செய்தி. "அறிவியல் நோட்டில் எறும்பு. மற்ற பிள்ளைகளின் நோட்டுக்கும் பரவிவிட்டது."

விசாரணையில் எல்லாம் வெளியே வந்தது. வீட்டு பிரிண்டரில் இங்க் இல்லை. அதற்கு ஊற்றும் இங்க் என் கேக் பிரிண்டரில் ஒரு சொட்டு பட்டால்கூட இதை அப்புறம் சாப்பாட்டுக்குப் பயன்படுத்த முடியாது என்று நான் தினமும் கத்துவது அவனுக்கு நன்றாகவே புரிந்திருக்கிறது. "இங்க்கை மாத்தலம்மா. படத்தை மட்டும்தான் இதுக்கு அனுப்பினேன்." அனுப்பியது மனித ஜீரண மண்டலம். முதல் ஷீட்டில் உணவுக்குழாய் வெட்டுப்பட்டதால் இன்னொன்று அடித்திருக்கிறான். பசை தேடவில்லை. ஈரக் கையால் பின்பக்கம் தடவினால் தானே ஒட்டும் என்று கேக் செய்யும்போது என்னைப் பார்த்துக் கற்றதாம். தொழில் அடுத்த தலைமுறைக்குப் போய்விட்டது.

திட்ட வாயெடுத்தேன். அதற்குள் அவர் பேனாவோடு உட்கார்ந்துவிட்டார். "இதை எந்தப் பத்தியில் எழுதுவது?"

"சோதனை அச்சு என்று போடுங்க. பெருங்குடல் எவ்வளவு பளிச்சென்று வந்திருக்கிறதாம், கேளுங்க. மெஜந்தா நாசில் சுத்தமாக இருக்கிறது."

"ஒன்று நோட்டில் போயிற்று. வெட்டுப்பட்ட இன்னொரு ஷீட்?"

மேசை டிராயரில் வைத்தேன் என்றான் சின்னவன். போய்ப் பார்த்தேன். இருந்தது. இரைப்பை இருந்தது, சிறுகுடல் இருந்தது, கல்லீரல் இருந்த மூலை மட்டும் அழகாகப் பிய்க்கப்பட்டிருந்தது.

"எறும்பாக இருக்கும்" என்றார் நிதியமைச்சர். சொல்லும்போது நாக்கைப் பார்த்தேன். நல்ல கருஞ்சிவப்பு.