ஓலைச் சாம்பல்

இன்று தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன். காலைத் திருப்பலியில் சாமியார் நெற்றியில் சிலுவையாக இட்ட சாம்பலில் ஒரு துகள் உதிர்ந்து, அம்மாவின் மூக்குக்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. வீடு வந்து சேரும்வரை அவர் அதைத் துடைக்கவில்லை.

சென்ற ஆண்டு குருத்தோலை ஞாயிறன்று ‘ஓசன்னா’ என்று பாடி நாங்கள் உயர்த்திப் பிடித்து, பின்னர் மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்த ஓலைதான், ஓராண்டு காய்ந்து, எரிந்து, இப்போது நெற்றிக்குத் திரும்பியிருக்கிறது.

நம்முடைய ஆரவாரமும் எரிந்து சாம்பலாகக்கூடியதே என்பதை இதைவிட மென்மையாக யாரால் சொல்ல முடியும்?

ஆனால், நெற்றியில் அடையாளம் பெறும் இதே நாளில் வாசிக்கப்படும் மத்தேயு 6ஆம் அதிகாரம், நோன்பிருக்கும்போது முகத்தைக் கழுவு, பிறருக்குக் காட்டிக்கொள்ளாதே என்கிறது. பல ஆண்டுகள் இதை ஒரு முரண்பாடாகவே நினைத்திருந்தேன்.

இயேசு பாலைநிலத்தில் நோன்பிருந்த 40 நாள்களை நினைந்து நாம் ஒருவேளை மட்டும் முழுதாக உண்டு ஒருசந்தி இருப்பதும், இறைச்சியை விலக்கிச் சுத்தபோசனம் காப்பதும் உடலை வருத்துவதற்காக மட்டுமல்ல; பசித்தவரோடு உணவைப் பகிர்வதே தாம் விரும்பும் நோன்பு என்று எசாயா நூலின் 58ஆம் அதிகாரத்தில் இறைவன் சொல்வதைக் கேட்ட பின்னர், என் பசி என்னோடு நின்றுவிட்டால் அது வெறும் பட்டினி என்றே எனக்குப் படுகிறது.

மதியம் உலை வைக்கும் முன் அம்மா முகம் கழுவிக்கொண்டார். நெற்றியில் சிலுவை இல்லை.

அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து, அடுப்பங்கரை மூலையில் இருந்த பழைய டப்பாவில், சத்தம் எழாதபடி போட்டார்.