பின்பாதிய பாத்துட்டு முடிவு பண்ணேன்

ஒரு வழியா நான் வாங்கின பழைய வேகன், அதாவது கூரை பின்னாடி வரைக்கும் நீண்டு உள்ளயே சாமான் வைக்க எடம் இருக்க கார், வந்து சேந்துடுச்சு. 1982 மாடல் மெர்சிடிஸ் 240டிடி, 2.4 லிட்டர் நாலு சிலிண்டர் டீசல், 72 குதிரைசக்தி, ஒன்றரை டன் கிட்ட எடை, அதனால வேகத்த பத்தி யாரும் கேக்காதீங்க. பல வருஷமா ஒரு ஷெட்ல கவர் கூட போடாம நின்ன வண்டி. டயர் பக்கவாட்டுல இருக்க டாட் கோட்ல தயாரிப்பு தேதி மூணே இலக்கம், அப்டின்னா 2000க்கு முன்னாடி தயாரான டயர். பெயின்ட் பூத்துப்போய் வெள்ளை வெள்ளையா இருக்கு, கூரைல இருக்க குரோம் கம்பி மட்டும் துணியால தொடச்சதும் பளிச்சுனு வந்துச்சு, அத பாத்ததும் எனக்கு மனசு போயிடுச்சுன்னு உண்மையா சொல்லிடறேன்.

ஆனா மனசு போனதுக்காக வாங்கல. மூணு தடவ போய் பாத்தேன், மூணு தடவையும் நான் பானெட்ட விட பின்னாடிதான் அதிக நேரம் இருந்தேன். பழைய வேகன் வாங்கற எல்லாருக்கும் நான் சொல்ல வர்றது இதுதான், முன்பாதி செடானோடது, பின்பாதிதான் வேகன். இந்த வண்டி சேர்ந்த 123 சீரிஸ்ல செடான், வேகன்னு எல்லா பாடியும் சேத்து சுமார் 27 லட்சம் வண்டி வந்துச்சு, அதுல வேகன் ஏறக்குறைய 2 லட்சம்தான். பானெட், முன் ஃபெண்டர், கிரில், டேஷ்போர்டு, இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் செடான்லயும் அதேதான், ஒடஞ்சிருந்தாலும் தேடினா கெடைக்கும். டிக்கி கதவு, பக்கவாட்டு நீள கண்ணாடி, அதோட ரப்பர் பீடிங், உள்ள சாமான் வைக்கற எடத்துல இருக்க பலகை, ஓரத்து பிளாஸ்டிக், இதெல்லாம் வேகனுக்கு மட்டும் செஞ்சது. இது போச்சுன்னா இன்னொரு வேகன் செத்தாத்தான் உங்களுக்கு கெடைக்கும். அதனால இன்ஜின் ஸ்டார்ட் ஆகலன்னு ஒரு வேகன வேணாம்னு சொல்லிட்டு, ஸ்டார்ட் ஆகுதேன்னு பின் கண்ணாடி இல்லாத வேகன வாங்கிட்டு வர்றவங்கள பாத்தா எனக்கு கஷ்டமா இருக்கும்.

முதல் தடவ போனப்ப ஒரு சின்ன காந்தத்த மெல்லிசு துணில சுத்தி எடுத்துட்டு போனேன். பின் சக்கர வளைவு, டிக்கி கதவோட கீழ்விளிம்பு, ஜாக்கி வைக்கற எடம், இங்கெல்லாம் வெச்சு பாக்கணும், காந்தம் ஒட்டலன்னா உள்ள தகரம் இல்ல, பட்டிதான் இருக்கு. இதுல வலது பக்கம் நல்லா ஒட்டுச்சு. இடது வளைவுல ஒரு கை அகலத்துக்கு ஒட்டவே இல்ல. ரெண்டாவது தடவ போய் கார்பெட்ட எடுத்து பாத்தா காரணம் தெரிஞ்சுது, பக்கவாட்டு கண்ணாடியோட பீடிங் சுருங்கி வெடிச்சுருக்கு, மழைத்தண்ணி அது வழியா எறங்கி சக்கரத்துக்கு பின்னாடி இருக்க பள்ளத்துல தேங்கி உள்ளேந்து வெளிய அரிச்சுருக்கு. யாரோ ஒருத்தர் வெளில மட்டும் பட்டி பாத்து பெயின்ட் அடிச்சு விட்டுருக்காங்க, தண்ணி வர்ற வழிய அடைக்கல. பழைய வேகன்ல துருவ பாத்தா அந்த துருவ மட்டும் பாக்காதீங்க, தண்ணி எங்கேந்து வந்துச்சுன்னு தேடுங்க, அத அடைக்காம எவ்ளோ நல்லா டிங்கரிங் பண்ணாலும் அதே எடத்துல திரும்ப வரும்.

மூணாவது தடவ பாத்தது பின்பக்க ஹைட்ராலிக்ஸ், அதாவது ஆயில் அழுத்தத்துல வேலை செய்ற சஸ்பென்ஷன். இது கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஏன்னா பல பேரு இத கழட்டி எறிஞ்சுடறாங்க. வேகன்ல பின்னாடி சாமான் ஏத்தினா பின்பக்கம் அமுங்கும், ஹெட்லைட் வானத்த பாக்கும். அதுக்காக இந்த மாடல் வேகன் எல்லாத்துலயும் தானா மட்டம் ஆகற சஸ்பென்ஷன் குடுத்தாங்க. இன்ஜின் ஓட்டற ஒரு சின்ன பம்ப், ஒரு ஆயில் டப்பா, பின்னாடி சாதா ஷாக் அப்சார்பருக்கு பதிலா ரெண்டு ஹைட்ராலிக் ஸ்ட்ரட், கூடவே உள்ள நைட்ரஜன் அடைச்ச ரெண்டு உருண்டை. பின் சக்கரத்தோட சேந்து முறுக்கிக்கற டார்ஷன் பார்ங்கற கம்பில ஒரு வால்வு இணைச்சுருக்கும், லோடு ஏறி பின்பக்கம் எறங்கினா வால்வு தெறந்து ஆயில் உள்ள போய் வண்டிய தூக்கும், எறக்கினா ஆயில் திரும்ப டப்பாவுக்கே வந்துடும். காயில் ஸ்பிரிங்கும் இருக்கு, பாரத்துல பெரும்பங்க அதுதான் தாங்குது, ஹைட்ராலிக்ஸ் மிச்சத்த தாங்குது. வருஷக்கணக்குல அந்த உருண்டைல இருக்க நைட்ரஜன் போயிடும், அப்ப ஆயில் அமுங்காதுல்ல, பின்பக்கம் கட்டை மாதிரி ஆயிடும், ஒவ்வொரு பள்ளமும் முதுகுல தெரியும். உடனே சிஸ்டமே மோசம்னு சொல்லி முழுசா எடுத்துட்டு கெட்டி ஸ்பிரிங் போட்டுடறாங்க. அப்டி போட்டா காலியா போறப்ப குதிக்கும், லோடு ஏத்தினா மட்டும் சரியா இருக்கும். அந்த ரெண்டு உருண்டைய மாத்தி, டப்பாக்குள்ள இருக்க ஃபில்டர மாத்தி, அதுக்குன்னு இருக்க ஹைட்ராலிக் ஆயில ஊத்தினா பெரும்பாலும் பழையபடி வந்துடும். வேற ஆயில ஊத்தாதீங்க, சீல் எல்லாம் போயிடும். இந்த வண்டில டப்பா வறண்டு கெடந்துச்சு, ஆனா லைன் எதுவும் அரிக்கல, ஸ்ட்ரட்டும் ஒழுகல. எனக்கு அதுவே போதும்.

மெர்சிடிஸ் தானே ஃபேக்டரில செஞ்ச முதல் வேகன் இதுதான், 1977ல ஃபிராங்க்ஃபர்ட் ஷோல காட்டிட்டு 1978லேந்து பிரேமன்ல செஞ்சாங்க, அதுக்கு முன்னாடி வேற பாடி கட்றவங்கதான் செடான வாங்கி வேகனா மாத்தி வித்தாங்க. டிடில இருக்க முதல் டி (T), டூரிஸ்டிக் அண்ட் டிரான்ஸ்போர்ட்டுக்கான டி. ஊர் சுத்தவும் சாமான் தூக்கவும். முதல் முறையா செய்றோம்னு ஒரு கவனம் அந்த பின்பாதி முழுக்க தெரியுது, பலகை மூடி ஒவ்வொண்ணும் இத்தன வருஷம் கழிச்சும் ஆடாம உக்காருது.

இன்ஜின பத்தி சுருக்கமா. நின்ன வண்டிய உடனே செல்ஃப் அடிக்காதீங்க. ஆயில் மாத்தி, கைல இன்ஜினோட கிராங்க் தண்ட மெதுவா ரெண்டு சுத்து சுத்தி பாத்துட்டு, டேங்க்ல இருக்க பழைய டீசல எறக்கி சுத்தம் பண்ணிட்டு, புது ஃபில்டர் ரெண்டும் போட்டு, அப்பறம்தான் அடிச்சேன். கொஞ்ச நேரம் புகைச்சு அப்பறம் சீரா ஓடுச்சு. சாவிய திருப்பினா மட்டும் நிக்கல. அது பயப்படற விஷயம் இல்ல, இந்த டீசல்ல வேக்கும்தான், அதாவது குழாய்ல காத்த உறிஞ்சி உண்டாக்கற இழுப்புதான், இன்ஜின நிறுத்துது, கதவு பூட்டறதும் அதே வேக்கும்தான், எங்கயோ ஒரு கதவுல ரப்பர் கிழிஞ்சு காத்து வருது. பிரேக் ஹோஸ் நாலும் கண்ண மூடிட்டு மாத்திடுங்க, வெளிய நல்லா இருந்தாலும் உள்ள வீங்கி அடைச்சுருக்கும்.

வண்டிக்காரர் வயசானவர். ரெண்டாவது தடவையே எங்கிட்ட ஒண்ணு சொன்னாரு, "எடுத்துட்டு போங்க தம்பி, ஆனா பிச்சு விக்கக்கூடாது." மாட்டேன்னு சொன்னேன். பின்னாடி பாத்து உக்கார்ற மூணாவது வரிசை சீட் ஒண்ணு இதுல இருக்கு, ஆப்ஷனா வந்தது, அதுல அவரு புள்ளைங்க உக்காந்து பின்னாடி வர்ற வண்டிக்கெல்லாம் கை காட்டுவாங்களாம். அந்த சீட்டோட துணி கிழியவே இல்ல. அத முதல்ல கழட்டி சுத்தமா தொடச்சு வீட்டுக்குள்ள வெச்சுட்டேன், வெல்டிங் பொறி பட்டுடக்கூடாதுன்னு.

இடது பக்கப் பள்ளத்துல துருவெல்லாம் வெட்டி எடுத்தாச்சு, நல்ல தகரம் பளபளன்னு தெரியற வரைக்கும் வெட்டினேன், நெனச்சத விட நாலு விரக்கடை அதிகமாவே போச்சு. அட்டைல அளவு வெட்டி வெச்சு பாத்து, அந்த அளவுக்கு தகரமும் வளைச்சு வெச்சுருக்கேன். பீடிங் வந்ததும் முதல்ல கண்ணாடிய போட்டு தண்ணி ஊத்தி பாக்கணும். ஒரு சொட்டு எறங்கலன்னா ஞாயித்துக்கிழமை வெல்டிங்.