ஒரு ஞானஸ்நானப் பத்திரத்துக்காக நாலு மாதம்

நேற்றுத்தான் கையில் கிடைத்தது. அரைப் பக்கக் கடதாசி, ஒரு முத்திரை, ஒரு கையெழுத்து. இதற்காக நாலு மாதம், ஐந்து பயணம், ஒரு பொலிஸ் முறைப்பாடு. கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை, அதனால் கொஞ்சம் சூடாகத்தான் எழுதுவேன்.

வருகிற தை மாதம் கிளிநொச்சியில், கத்தோலிக்கக் கோயிலில் எனக்குக் கலியாணம். திருமண ஆயத்த வகுப்பு, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் எல்லாம் பிரச்சினை இல்லாமல் முடிந்தன. சிக்கியது ஞானஸ்நானப் பத்திரத்தில். பழைய பிரதி வைத்திருப்பவர்களும் கவனியுங்கள், அது செல்லாது. ஆறு மாதத்துக்குள் எடுத்த புதுப் பிரதி கேட்பார்கள். யாருக்காவது ஏற்கெனவே கோயிலில் கலியாணம் நடந்திருந்தால் அது ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறிக்கப்பட்டிருக்கும். அதைப் பார்க்கத்தான்.

எங்களிடம் பழைய பிரதியும் இல்லை. அந்தக் காலத்தில் வன்னியில் வீட்டுக்கு வீடு பத்திரங்களுக்கென்றே ஒரு பை இருந்தது. பங்கருக்குள் இறங்கினாலும் அம்மாவின் தோளில் அது தொங்கும். அடையாள அட்டை, குடும்ப அட்டை, காணி உறுதி எல்லாம் அதற்குள். ஞானஸ்நானப் பத்திரம் மட்டும் அப்பாவின் செபப்புத்தகத்துக்குள் இருந்தது. செபப்புத்தகம் பெட்டிக்குள். பெட்டியை விசுவமடுவில் விட்டோம். அப்பாவை முள்ளிவாய்க்காலில்.

முதல் பயணம் மன்னாரில் மாதா கோயில் இருக்கிற மடுவுக்கு. "மடுவிலைதான் உனக்கு ஞானஸ்நானம் குடுத்தது" என்று அம்மா அடித்துச் சொன்னார். அங்கே பொறுமையாகத் தேடிப் பார்த்தார்கள், இல்லை. வீட்டுக்கு வந்து துருவித் துருவிக் கேட்டபிறகு கதை மாறியது: "மடுவெண்டா மடுவே? மடுவுக்குப் போற பக்கம், ஒரு கொட்டில் கோயில்." சரி. 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம் எங்களது. அதன்பிறகு எத்தனை இடம் மாறினார்கள் என்று அவர்களுக்கே கணக்கில்லை. நீங்கள் தேடத் தொடங்குமுன் எந்த ஊர், எந்தச் சாமியார், எந்த வருடம் என்று மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இன்னொன்று, வன்னி ஒரே மறைமாவட்டம் இல்லை. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் யாழ்ப்பாண மறைமாவட்டம், மன்னாரும் வவுனியாவும் மன்னார் மறைமாவட்டம். எங்கே ஞானஸ்நானம் பெற்றீர்களோ அங்கேதான் போக வேண்டும். இப்போது இருக்கிற ஊரில் நின்று சண்டை பிடித்துப் பயனில்லை.

இரண்டாவது பயணம் அந்தக் கொட்டில் கோயில் எந்தப் பங்குக்குச் சேர்ந்ததோ, அந்தப் பங்குமனைக்கு (சாமியாரின் வீடும் அலுவலகமும்). சாமியார் இல்லை. அலுவலகத்தில் இருந்த அக்கா என் பிறந்த வருடத்தைக் கேட்டார். 1997 என்றேன். அந்த வருடப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "இல்லை" என்றார். எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தது அடுத்த வருடம் என்று சொல்லி முடிக்கவில்லை, "98 புத்தகம் சண்டையிலை போட்டுது" என்று மூடிவிட்டார். அப்போ என்ன செய்வது? இரண்டு சாட்சி, சத்தியக் கடதாசி, பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி என்று ஒரு பட்டியல் வந்தது. தொலைந்தது உங்கள் புத்தகம், நான் ஏன் பொலிசுக்குப் போக வேண்டும் என்று கேட்டேன். "அது நடைமுறை" என்றார்.

போனேன். பொலிசில் ஒரு முற்பகல் முழுக்க வாங்கில் இருந்தேன். என்ன தொலைந்தது என்று விளங்கப்படுத்தவே அரைமணி நேரம். சிங்களத்தில் ஏதோ எழுதித் தந்தார்கள். அதையும் சமாதான நீதவான் ஒப்பமிட்ட சத்தியக் கடதாசியையும் கொண்டு மூன்றாம் தரம் போனால், அக்கா விடுமுறை. அலுவலகம் பூட்டு.

அன்று திரும்பி வரும்போது எனக்கு வெறுத்துவிட்டது. பஸ் தேவன்பிட்டியைத் தாண்டியது. 2008 சித்திரையில் மடு மாதாவின் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்திருந்த இடம் அது. டச்சுக்காரர் காலத்திலும் மாந்தையிலிருந்து காட்டுக்குள் கொண்டு ஓடினார்கள் என்பார்கள். மாதாவிடம் ஒருவரும் பத்திரம் கேட்கவில்லையே என்று ஒரு கசப்பான நினைப்பு வந்தது. சும்மா சொல்லவில்லை, சண்டை முடிந்து எங்களை அடைத்துவைத்த மெனிக் பாம் முகாமில் பன்னிரண்டு வயதில் வலயம், கூடார இலக்கம், அட்டை இலக்கம் என்று என்னை நானே ஒப்புவித்துத்தான் சோறு வாங்கினேன். அன்றிலிருந்து கோயில் எனக்குப் பெயருக்குத்தான். அந்தப் பெயரையும் இப்போது நிரூபி என்கிறார்கள்.

நாலாவது பயணத்தில் சாமியாரைப் பிடித்துவிட்டேன். கையிலிருந்த கடதாசிக் கட்டை மேசையில் போட்டு, "பாதர், இவ்வளவு கரைச்சல் ஏன்? திரும்ப ஒருக்காத் தண்ணியை ஊத்தி விடுங்கோ, எழுதித் தாங்கோ" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஏலாது தம்பி. அது ஒருக்காத்தான். விழுந்தது விழுந்ததுதான், அழியாது. உண்மையாவே சந்தேகம் இருந்தால் நிபந்தனையோடை குடுக்கலாம். உனக்குச் சந்தேகமே?"

எனக்குச் சந்தேகம் இல்லை, புத்தகந்தான் இல்லை என்றேன். "அப்ப துலைஞ்சது புத்தகம். நீ துலையேல்லை" என்றார். பிறகுதான் அந்த விஷயத்தைச் சொன்னார். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் 876ஆம் இலக்கம். ஒருவருக்கும் பாதகம் வராத இடத்தில், ஞானஸ்நானத்தை நிரூபிக்க நம்பத்தகுந்த ஒரே ஒரு சாட்சி போதும். பொலிசும் வேண்டாம், இரண்டாம் சாட்சியும் வேண்டாம். இதை முதல் நாளே ஒருவர் சொல்லியிருந்தால் எனக்கு இரண்டு பயணம் மிச்சம். ஆகவே இலக்கத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், 876. அலுவலகத்தில் இருப்பவரோடு மல்லுக்கட்டாமல் சாமியார் நிற்கும் நேரத்தைத் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள்.

என் ஞானத்தகப்பன் இப்போது இல்லை. ஞானத்தாய் ஏ32 வீதிக்கரையில் ஒரு கிராமத்தில் மகளோடு இருக்கிறார். எழுபது கடந்துவிட்டது. பதினைந்து வருடமாக நான் போய்ப் பார்க்கவில்லை, அது என் வெட்கம். முச்சக்கரவண்டி பிடித்து அவரைக் கூட்டிக்கொண்டு போனதுதான் ஐந்தாவது பயணம்.

சாமியார் கேட்கக் கேட்க அவர் நேற்று நடந்ததுபோலச் சொன்னார். மழை. தறப்பாள் கூரை ஒழுகியது. தண்ணீர் ஊற்றப் பாத்திரம் இல்லை, தேத்தண்ணிப் பேணியைக் கழுவி எடுத்தார்கள். பொருளாதாரத் தடைக் காலம், மெழுகுதிரி கிடையாது. ஞானத்தாய் பிடிக்க வேண்டிய திரிக்குப் பதிலாக ஜாம் போத்தல் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார், மண்ணெண்ணெய்ப் புகையில் கண் எரிய எரிய. யாகப்பர் என்று பெயர் வைத்தார்களாம். என் பிறப்புப் பத்திரத்தில் அந்தப் பெயரே இல்லை. புத்தகம் இருந்திருந்தாலும் என் பெயரை வைத்துத் தேடினால் கிடைத்திருக்காது! (உங்களுக்கும் அப்படி ஒரு பெயர் இருக்கலாம். முதலில் விசாரியுங்கள்.)

"நான் அழுதனானோ மாமி?" என்று கேட்டேன்.

"நீ எங்கை அழுதனீ? நித்திரையாக் கிடந்தனீ. நீ ஒண்டும் கேக்கவுமில்லை, செய்யவுமில்லை. உனக்குக் குடுத்தது" என்றார்.

சாமியார் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். நாலு மாதமாகக் கொதித்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அந்த நேரத்தில் அடங்கியது. அதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

மாமி கையெழுத்து வைத்தார், கை நடுங்கியது. புதுப் புத்தகத்தில் என் பெயர் ஏறியது. அலுவலக அக்கா பத்திரத்தைத் தட்டச்சு செய்தபோது யாகப்பரை 'யகாப்பர்' ஆக்கியிருந்தார். முத்திரை குத்துமுன் வாசித்ததால் தப்பினேன். நீங்களும் வாசியுங்கள்.

வருகிற ஞாயிறு கோயிலில் எங்கள் கலியாண அறிவிப்பை, முதலாம் ஓலையை, வாசிக்கிறார்கள். மாமியையும் கூட்டி வர வேண்டும்.

பொலிஸ் பிரதி இன்னும் என் பைக்குள் கிடக்கிறது, ஒருவரும் அதை வாங்கவில்லை. நேற்றிரவு சிங்களம் தெரிந்த நண்பன் ஒருவனிடம் காட்டினேன். வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். 'பத்திரம்' என்ற சொல்லை எழுத மறந்துவிட்டார்களாம். அதில் இருப்பது இவ்வளவுதான்: 2009ஆம் ஆண்டு இவருடைய ஞானஸ்நானம் தொலைந்துவிட்டது, தேடியும் கிடைக்கவில்லை.