அத்தை பெயரில் ஒரு புகார்

என் அத்தை மகன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தான். அவன் மேல் அடிதடி வழக்குகள் இருந்தன, ஒரு கொலை வழக்கும் இருந்தது. அதை மறைக்க எனக்கு எந்தத் தேவையும் இல்லை. முந்தின நாள்தான் கைதாகியிருந்தான். மறைத்துவைத்த அரிவாளை எடுத்துக்காட்டக் கூட்டிப்போன இடத்தில் போலீஸ்காரரை வெட்டப் பாய்ந்தான், தற்காப்புக்குச் சுட்டோம் என்பது போலீஸ் தரப்பு. நடந்ததைப் பார்த்த வெளியாள் யாரும் இல்லை.

எங்களைப் போல ஒரு குடும்பம் நாளைக்கு இதே இடத்தில் திகைத்து நிற்கக்கூடும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பிணவறை வாசலிலேயே முதல் நெருக்கடி வந்துவிட்டது. "கையெழுத்துப் போட்டுட்டு வாங்கிட்டுப் போங்க, சீக்கிரம் காரியத்தை முடிங்க" என்று ஒரு அதிகாரி அவசரப்படுத்தினார். ஊர்ப் பெரியவர்களும் அதையேதான் சொன்னார்கள். எங்கள் வக்கீலம்மா மட்டும் போனில், "தம்பி, வாசிச்சுக் காட்டாத எந்தப் பேப்பர்லயும் அத்தையைக் கையெழுத்துப் போட விடாதீங்க. முதல்ல உடம்பைப் பார்க்கணும்னு எழுதிக் கொடுங்க" என்றார். அவர் சொன்னபடியே எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டோம்.

எழுதிக் கேட்டதற்கு ஆதாரம் இருந்தது. என்கவுன்ட்டர் சாவுகளில் என்ன செய்ய வேண்டும் என்று 2014 செப்டம்பரில், பி.யூ.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 16 நெறிமுறைகள் வகுத்திருக்கிறது. மாவட்ட மருத்துவமனையில் 2 டாக்டர்கள் போஸ்ட்மார்ட்டம் செய்ய வேண்டும், அதை வீடியோ எடுத்துப் பாதுகாக்க வேண்டும். சுட்ட துப்பாக்கிகளைத் தடயவியல் சோதனைக்கு ஒப்படைக்க வேண்டும். சம்பந்தப்பட்ட போலீஸ்காரர்களே விசாரிக்கக் கூடாது, சி.ஐ.டி. அல்லது வேறு ஸ்டேஷன் குழு விசாரிக்க வேண்டும். சுட்டவர்களுக்கு உடனே பதவி உயர்வோ வீரப்பதக்கமோ கொடுக்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. அந்தத் தீர்ப்பின் பிரதி ஒன்று எப்போதும் என் பையில் இருந்தது. போன இடமெல்லாம் அதை நீட்டிய பிறகுதான் பேச்சு மாறியது.

அப்புறம் மாஜிஸ்திரேட் விசாரணை. போலீஸ் காவலில் இருக்கும்போது ஒருவர் இறந்தால் நீதித்துறை நடுவர்தான் விசாரிக்க வேண்டும், வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.வின் விசாரணை போதாது. பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தில் 176ஆம் பிரிவில் இருந்தது, 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 196ஆம் பிரிவு. இயன்றவரை உறவினருக்குத் தகவல் சொல்லி, விசாரணையில் உடனிருக்க அனுமதிக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆனால் உறவினர் என்றால் பெற்றோர், பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள், கணவன் அல்லது மனைவி, அவ்வளவுதான். மாமன் மகன் நான் அதில் வரமாட்டேன். எழுதப் படிக்கத் தெரியாத அத்தைதான் உள்ளே போக வேண்டியிருந்தது.

அத்தை பயந்ததெல்லாம் வாசலோடு சரி. உள்ளே தான் சொன்னதை வெளியே வந்து அவர் சொல்லக் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. "அவன் தப்புப் பண்ணலன்னு நான் சொல்லல ஐயா. ஜெயில்ல போடுங்க, ஆயுளுக்கும் போடுங்கன்னுதானே சொல்றேன். கைவிலங்கோட கூட்டிப்போன புள்ள எப்படி ஐயா அரிவாளைப் பிடிச்சான்?" நடுவர் நிதானமாகக் கேட்டு, அவர் சொன்ன வார்த்தையிலேயே பதிவு செய்தார். எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டிய பிறகே கைரேகை வாங்கினார். இப்படிக் கேட்க ஓர் ஆள் இருந்தது அத்தைக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை, வெளியே வந்த அவர் முகத்தில் பார்த்தவன் நான்.

இதற்கிடையே வக்கீலம்மா விடாப்பிடியாக நின்ற விஷயம் ஒன்று உண்டு. சம்பவத்துக்கென்று பதிவான எஃப்.ஐ.ஆரில் புகார்தாரர் ஒரு போலீஸ் அதிகாரி, குற்றம் சாட்டப்பட்டவன் இறந்துபோன எங்கள் பையன். விசாரணையை முடித்து அறிக்கை தாக்கல் செய்தால், நீதிமன்றத்தின் நோட்டீஸ் புகார்தாரருக்குத்தான் போகும். இறந்தவரின் உறவினர் தானாக வந்து வாதாடலாம், ஆனால் நோட்டீஸ் பெற உரிமையில்லை என்று 1985லேயே பகவந்த் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் அத்தை பெயரில் தனியாக ஒரு புகார் போக வேண்டும் என்றார். ஸ்டேஷனில் வாங்கவில்லை. எஸ்.பி. அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம், அசைவில்லை. கடைசியில் செஷன்ஸ் நீதிபதியிடம் போனோம். நெறிமுறைகள் மீறப்பட்டதாகக் குடும்பத்தார் கருதினால் அந்த எல்லைக்குட்பட்ட செஷன்ஸ் நீதிபதியிடம் முறையிடலாம் என்பது அந்த 16இல் ஒன்று. பலருக்கு இது தெரிவதில்லை. வக்கீல்களில் சிலருக்கே தெரியவில்லை.

தேசிய மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதினோம். தமிழிலேயே எழுதலாம், கட்டணம் இல்லை. இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் மனு போய்விட வேண்டும். மாநில ஆணையத்தில் ஏற்கெனவே நிலுவையில் இருக்கும் விஷயத்தைத் தேசிய ஆணையம் விசாரிக்காது, ஆகவே எங்கே போவது என்று முதலிலேயே முடிவெடுங்கள்.

சொந்தக்காரர்கள் சிலர் தனி விசாரணைக் கமிஷன் கேட்கச் சொன்னார்கள். தூத்துக்குடியை நினைத்துப் பார்த்தோம். 2018 மே மாதம் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின்போது போலீஸ் நடவடிக்கையில் 13 பேர் இறந்தார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை சட்டமன்றத்துக்கு வந்தது 2022 அக்டோபரில். 17 போலீஸார் மீது நடவடிக்கை எடுக்கலாம் என்று அது பரிந்துரைத்தது. கமிஷன் பரிந்துரைக்கத்தான் முடியும், அரசைக் கட்டாயப்படுத்த முடியாது. எங்களுக்கு வேண்டியிருந்தது நீதிமன்ற உத்தரவு.

எங்களை மிகவும் வதைத்தது அலைச்சல் அல்ல. 'ரவுடிதானே, விடுங்க' என்ற பேச்சுதான். டீக்கடையிலும் கேட்டோம், கல்யாண வீட்டிலும் கேட்டோம். அப்படிப் பேசுகிறவர்களின் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. வழக்குகள் வருஷக்கணக்கில் இழுப்பதைப் பார்த்துச் சலித்தவர்கள் அவர்கள். அவன் கையால் வெட்டுப்பட்டவரின் வீட்டிலும் ஒரு தாய் இருக்கிறார், அதை அத்தையே சொல்வார். ஆனால் 2019 டிசம்பரில் ஹைதராபாத்தில் நடந்ததை அவர்கள் ஒருமுறை யோசிக்க வேண்டும். பெண் மருத்துவர் கொலையில் கைதான 4 பேரைப் போலீஸ் சுட்டதும் மக்கள் பூத்தூவிக் கொண்டாடினார்கள். பிறகு உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம், கொல்லும் நோக்கத்தோடு வேண்டுமென்றே சுடப்பட்டார்கள் என்று சொன்னது. 4 பேரில் 3 பேர் மைனர்கள் என்றும் சொன்னது. யார் குற்றவாளி, என்ன வயது, என்ன தண்டனை என்பதையெல்லாம் தீர்மானிக்கும் வேலையைத் துப்பாக்கியிடம் கொடுத்துவிட்டால், அடுத்தது யார் என்று கேட்கும் உரிமையும் நம் கையில் இருக்காது.

செஷன்ஸ் நீதிமன்ற உத்தரவால் அத்தையின் புகார் பதிவாகி, வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. நீண்ட காலத்துக்குப் பிறகு, தற்காப்புக்காகச் சுட்டது உண்மை, மேல் நடவடிக்கை தேவையில்லை என்று இறுதி அறிக்கை தாக்கல் செய்தார்கள். இந்த முறை நோட்டீஸ் அத்தை பெயருக்கு வந்தது. நகல் மனு போட்டு எல்லா ஆவணங்களையும் வாங்கிப் பார்த்தோம். எவ்வளவு தூரத்திலிருந்து சுடப்பட்டது என்ற தடயவியல் அறிக்கை அதில் இல்லை. நடுவரிடம் அத்தை கேட்ட கைவிலங்குக் கேள்விக்கும் பதில் இல்லை. இரண்டையும் குறிப்பிட்டு ஆட்சேப மனு தாக்கல் செய்திருக்கிறோம். மேல் விசாரணைக்கு உத்தரவிடுவதா என்பதை நீதிமன்றம் இனிமேல்தான் முடிவு செய்ய வேண்டும். அடுத்த வாய்தாவுக்கு அத்தையும் வருகிறார்.