ராயல்டி சதவீதத்துக்கு அவசரப்படாதீர்கள்

ஒரே குழும நிறுவனங்கள் தங்களுக்குள் வைக்கும் விலைகளைப் பற்றிய டிரான்ஸ்ஃபர் பிரைசிங் தேர்வை முதல் முறை எழுதியபோது, வணிகப் பெயர் மதிப்பீட்டுக் கேள்வியில்தான் கோட்டை விட்டேன். இத்தனைக்கும் கணக்கில் பிழை இல்லை.

தாய் நிறுவனத்தின் பெயரில் வர்த்தகக் குறி பதிவாகியிருந்தது. வெளிநாட்டுத் துணை நிறுவனம் பல ஆண்டுகளாகத் தன் கைக்காசில் விளம்பரம் செய்து அந்தப் பெயரை வளர்த்திருந்தது. நான் அந்தப் பத்தியை மேலோட்டமாகப் படித்துவிட்டு நேரே கணக்குக்குப் போனேன். அடுத்த ஆண்டு விற்பனை 1,000, பெயரைப் பயன்படுத்தத் தரும் கட்டணமான ராயல்டி 3% என்றால் 30. 25% வரி போக 22.5. எதிர்கால வருமானத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரும் தள்ளுபடி விகிதம் 12%, ஆண்டு வளர்ச்சி 2%. வித்தியாசமான 10 சதவீதத்தால் வகுத்தால் மதிப்பு 225. ராயல்டியை 4% ஆக்கிப் பாருங்கள், 300 ஆகிவிடும். ஒரே ஒரு சதவீதப் புள்ளிக்கு 75! அந்த 3% ஏன் என்று ஒரு வரிகூட நான் எழுதவில்லை.

அடுத்த முறைக்குப் படிக்கும்போது என் கண்ணைத் திறந்தது கூரியர் நிறுவனமான டிஎச்எல்லின் வழக்கு. அமெரிக்க நிறுவனம் பெயரைத் தன் சார்பு வெளிநாட்டு நிறுவனத்துக்கு விற்க 2 கோடி டாலர் விலை வைத்தது. வரி நீதிமன்றம் 1998இல் அதை 10 கோடி என்றது: பாதி அமெரிக்க உரிமைக்கு, பாதி வெளிநாட்டு உரிமைக்கு. 2002இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த இரண்டாவது பாதியை நீக்கியது. வெளிநாடுகளில் பெயரை வளர்த்ததும் செலவைச் சுமந்ததும் வெளிநாட்டு நிறுவனமே என்பதுதான் காரணம். இந்த ஒரு வழக்கை நிதானமாகப் படியுங்கள், பாதிப் பாடம் புரிந்துவிடும்.

பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் (ஓஇசிடி) 2015 அறிக்கை வலியுறுத்துவதும் இதைத்தான். உருவாக்கியது, மேம்படுத்தியது, பராமரித்தது, பாதுகாத்தது, பயன்படுத்தியது யார் என்று பாருங்கள். பதிவுச் சான்றிதழ் தொடக்கப் புள்ளி மட்டுமே. குழுமத்தில் ஒரு நிறுவனம் என்று காட்ட மட்டும் பெயரைப் போட்டுக்கொண்டால், பொதுவாக ராயல்டிக்கே இடமில்லை.

ராயல்டி விகிதத்தை ஒப்பிட, ஒன்றையொன்று சாராத நிறுவனங்களின் ஒப்பந்தங்களை எடுக்கும்போது பிரதேசம், காலம், பிரத்யேக உரிமை மூன்றையும் சரிபாருங்கள். பெயரோடு தொழில்நுட்பமும் சேர்த்துக் கொடுத்த ஒப்பந்தத்தின் விகிதத்தை வெறும் பெயருக்குப் போடக் கூடாது. பலரும் சறுக்குவது இங்கேதான்.

இரண்டாம் முறை விடைத்தாளின் முதல் பக்கத்தில் ஒரு எண்கூட இல்லை. எந்த நிறுவனம் என்ன செய்தது, எந்த அபாயத்தைச் சுமந்தது என்று மட்டும் எழுதினேன். 3% இரண்டாம் பக்கத்தில்தான் வந்தது, அதற்கான காரணத்தோடு. தேறினேன்.