கேஸ் கட்டும் குறுக்கு விசாரணையும்

எதிரித் தரப்பு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு வக்கீலாக என் நேரத்தில் பெரும்பகுதி வாதாடுவதில் போவதில்லை, கேஸ் கட்டைப் படிப்பதில் போகிறது. புகார் எத்தனை மணிக்குப் பதிவானது? போலீஸ் சம்பவ இடத்தில் சாட்சிகள் முன்னிலையில் எழுதும் மகஜரில் கையெழுத்துப் போட்டவர் அந்த நேரத்தில் அங்கே இருந்திருக்க முடியுமா? மருத்துவர் எழுதிய காயமும் சாட்சி சொல்லும் ஆயுதமும் பொருந்துகின்றனவா? இரவுச் சம்பவம் என்றால் நான் முதலில் தேடுவது வெளிச்சத்தை. சாட்சி எந்த விளக்கில் அந்த முகத்தைப் பார்த்தார்? போலீசிடம் கொடுத்த வாக்குமூலத்தில் இல்லாத விளக்கு, சாட்சிக் கூண்டில் திடீரென்று எரிவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்போது குரலை உயர்த்த வேண்டியதே இல்லை. "இதைப் போலீசிடம் சொன்னீர்களா?" என்று கேட்டால் போதும்.

இந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லாவிட்டால் என்ன ஆகும்? 1961-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் என்ற ஏழை மீது திருட்டு வழக்கு. வக்கீல் வேண்டும் என்று கேட்டார், மறுத்துவிட்டார்கள். தனக்குத் தானே வாதாடி 5 ஆண்டு தண்டனை வாங்கினார். சிறையிலிருந்து பென்சிலால் எழுதி அனுப்பிய மனுவை உச்ச நீதிமன்றம் விசாரித்து, வசதியில்லாதவருக்கு அரசே வக்கீல் அமர்த்த வேண்டும் என்று 1963-ல் தீர்ப்புச் சொன்னது. மறுவிசாரணையில் வக்கீல் ஒருவர் முக்கிய சாட்சியைத் துருவித் துருவிக் கேட்டார். கிடியன் விடுதலையானார். குற்றச்சாட்டு மாறவில்லை, முக்கிய சாட்சியும் மாறவில்லை.

எல்லா வழக்கும் இப்படி மனதுக்கு நிறைவாக முடிவதில்லை. கொலை வழக்குகளில், இறந்தவரின் தாய் நீதிமன்றத்துக்கு வெளியே என்னைப் பார்க்கும் பார்வைக்கு என்னிடம் பதில் கிடையாது. வக்கீலை அவருடைய கட்சிக்காரரோடு ஒன்றாக்கிப் பார்க்கக் கூடாது என்று 1990-ல் ஹவானாவில் ஏற்கப்பட்ட ஐ.நா. கோட்பாடுகள் சொல்கின்றன. அது சரிதான். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் போய் அதைச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

ஆனாலும் அந்தத் தாய்க்காகவும்தான் இந்த வேலை நடக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன். எதிரிக்கு ஒழுங்கான வக்கீல் இல்லாமல் கிடைத்த தண்டனை மேல்முறையீட்டில் எளிதில் உடையும். வழக்கு மறுவிசாரணைக்குத் திரும்பி வரும். பல ஆண்டுகள் கழித்து அவர் மறுபடியும் கூண்டேறி, மகனின் உடலை எப்படி அடையாளம் காட்டினார் என்பதை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். சாட்சிகளைக் கடைசிவரை சோதித்துப் பார்த்தபின் வந்த தண்டனையை அவ்வளவு சுலபமாக அசைக்க முடியாது.